எழுத்துக்கு எத்தனை மார்க்?

எடுத்த எடுப்பிலேயே ஒரு புள்ளிவிவரம். பயப்படாதீங்க, சின்னதுதான்.

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்.ஏ.டி தேர்வு 2005 மார்ச்சிலிருந்து 2016 தொடக்கம் வரை மூன்று பகுதிகளாக இருந்தது. வாசிப்பு, கணிதம், எழுத்துத் திறன். ஒவ்வொன்றுக்கும் 800, மொத்தம் 2400. இந்த மூன்றில் எது, ஒரு மாணவர் கல்லூரி முதலாண்டில் எடுக்கும் மதிப்பெண்ணோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று தேர்வை நடத்தும் காலேஜ் போர்டே ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டது. கணிதம் 0.47. வாசிப்பு 0.48. எழுத்துத் திறன் 0.51. (கோரிலேஷன்தான். செகண்ட் இயரில் கார்ல் பியர்சன் கணக்குப் போட்டு ராத்திரி முழுக்க அழுதோமே, அதே சமாச்சாரம்.)

வித்தியாசம் ரொம்பச் சின்னது. ஆனாலும் மூன்றில் முதலிடம் எழுத்துக்குத்தான். அப்படியென்றால் ஆயிரக்கணக்கானவர்களில் சிலரை மட்டும் பொறுக்கி எடுக்கிற பெரிய கல்லூரிகள் எதற்கு அதிக எடை கொடுத்திருக்க வேண்டும்? ஆனால் நடந்தது தலைகீழ். பல இடங்களில் எழுத்து மதிப்பெண்ணுக்குத்தான் இருப்பதிலேயே குறைந்த மரியாதை. சில கல்லூரிகள் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. 2021-ல் கட்டுரையும் தேர்விலிருந்து போய்விட்டது.

பி.காம் படிக்கிற உனக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். ஒன்று, நம்ம வகுப்பிலேயே ஏழெட்டுப் பேர் ஜிமேட் புத்தகத்தோடு திரிகிறார்கள். அங்கேயும் இதே கதை நடந்திருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். இரண்டாவது, எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது நம்ம சப்ஜெக்ட். இண்டெக்ஸ் நம்பர் கணக்கில் வெயிட்டை மாற்றிப் போட்டால் விடை எப்படித் தலைகீழாகப் போகும் என்று நமக்குத் தெரியாதா?

சரி, கதைக்கு வருவோம்.

எஸ்.ஏ.டி-யில் எழுத்து எப்படி வந்தது? 2001 பிப்ரவரியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ரிச்சர்ட் அட்கின்சன் ஒரு கூட்டத்தில் பேசினார். எங்கள் பல்கலைக்கழகத்துக்கு இனி எஸ்.ஏ.டி வேண்டாம் என்று பரிந்துரைக்கப் போகிறேன் என்றார். ஒரு வசதியான பள்ளிக்குப் போனபோது, 12 வயதுப் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு எஸ்.ஏ.டி-யில் வரும் சொல் ஒப்புமைகளை உருப்போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததையும் சொன்னார். (இந்தச் சொல்லுக்கு அந்தச் சொல் எப்படியோ, அப்படியே வேறொரு சொல்லுக்கு எது என்கிற மாதிரிக் கேள்வி.) கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்தான் எஸ்.ஏ.டி-யின் பெரிய வாடிக்கையாளர். பெரிய வாடிக்கையாளர் கடையை மாற்றப் போகிறேன் என்றால் கடைக்காரர் என்ன செய்வார்? சரக்கை மாற்றுவார். 2002-ல் காலேஜ் போர்டு புதிய தேர்வுக்கு ஒப்புதல் கொடுத்தது. 2005 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. சொல் ஒப்புமை போனது, எழுத்துப் பகுதி வந்தது.

அந்தப் பகுதியில் இரண்டு சங்கதி. 49 கொள்குறி வினாக்கள்: வாக்கியத்தில் பிழை எங்கே, எப்படித் திருத்தலாம் என்பன போன்றவை. அப்புறம் 25 நிமிடத்தில் ஒரு கட்டுரை. தலைப்பைப் பார்த்ததும் பேனாவை, மன்னிக்கவும், பென்சிலை எடுத்து எழுத வேண்டும். இரண்டு பேர் படித்து ஆளுக்கு 1 முதல் 6 வரை போடுவார்கள். இருவருக்கும் ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது ஆளிடம் போகும். எழுத்துப் பகுதி மதிப்பெண்ணில் கட்டுரையின் பங்கு ஏறக்குறைய 30 சதவீதம். மீதி கொள்குறி வினாக்களுக்கு.

இங்கேதான் லெஸ் பெரல்மன் வருகிறார். எம்.ஐ.டி-யில் எழுத்துப் பயிற்சித் துறையை நடத்தியவர். (குரோம்பேட்டை எம்.ஐ.டி இல்லை, மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.) காலேஜ் போர்டு வெளியிட்ட மாதிரிக் கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு சொற்களை எண்ணினார். நீளமான கட்டுரைக்கு அதிக மார்க், குட்டிக் கட்டுரைக்குக் குறைந்த மார்க். படிக்காமலேயே, நீளத்தை மட்டும் பார்த்து மார்க் போட்டால்கூட பத்தில் ஒன்பது தடவைக்கு மேல் சரியாக வரும் என்று 2005-லேயே சொல்லிவிட்டார். அதைவிட வேடிக்கை, கட்டுரையில் சொல்லும் தகவல் தப்பாக இருந்தாலும் மார்க் குறையாது. அமெரிக்க உள்நாட்டுப் போர் எந்த ஆண்டு தொடங்கியது என்று தப்பாக எழுதினாலும் பரவாயில்லை, அழகாக எழுதினால் போதும்! எழுத்தைத்தான் சோதிக்கிறோம், வரலாற்றை இல்லை என்பது அவர்கள் நியாயம்.

அடிஷனல் ஷீட் வாங்கி நூலால் கட்டிய தலைமுறை நாம். நமக்கு இது ஒன்றும் புதுச் செய்தி இல்லை. "பக்கத்தை நிரப்பு, மார்க் தானா வரும்" என்று ப்ளஸ் டூவில் கேட்காதவர் யார்? ஆனால் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் பேர் எழுதுகிற ஒரு தேர்வில், ஒரு பேராசிரியர் சொற்களை எண்ணியே விடையைச் சொல்லிவிடுகிறார் என்றால் அந்த எண்ணை எந்தக் கல்லூரி நம்பும்?

நம்பவில்லை. புதுசுதானே, கொஞ்ச வருஷம் பார்க்கலாம் என்று பல கல்லூரிகள் தள்ளிப் போட்டன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் கணக்கில் சேர்த்துக்கொண்டது, அது கேட்டு வந்த பகுதியாயிற்றே. மற்ற பல இடங்களில் பழைய 1600-தான் பேச்சுவழக்கில் நின்றது. இதற்கு ஒரு வியாபாரக் காரணமும் உண்டு என்பது என் எண்ணம். கல்லூரிகளை வரிசைப்படுத்தும் யு.எஸ்.நியூஸ் பட்டியல் வாசிப்பையும் கணிதத்தையும் மட்டும்தான் கணக்கில் எடுத்தது, எழுத்து மதிப்பெண்ணை எடுக்கவில்லை. எழுத்தில் 780 எடுத்த மாணவரைச் சேர்த்தால் கல்லூரியின் ரேங்க் ஏறாது, கணிதத்தில் 780 எடுத்தவரைச் சேர்த்தால் ஏறலாம். இதை எந்தச் சேர்க்கை அதிகாரியும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். பேலன்ஸ் ஷீட்டில் வராத சொத்துக்கு எந்தக் கம்பெனி பெயிண்ட் அடிக்கும்?

இப்போது அந்த 0.51-க்குத் திரும்புவோம். கட்டுரை இவ்வளவு ஓட்டையாக இருந்தும் எழுத்துப் பகுதி எப்படி முதலிடம் வந்தது? பதில் அந்த 49 வினாக்களில் இருக்கிறது. முன்கணிப்புச் சக்தியைத் தூக்கிச் சுமந்தது பெரும்பாலும் அவைதான். ஒற்றைக் கட்டுரை முன்கணிப்புக்குக் குறிப்பிடும்படி எதையும் சேர்க்கவில்லை என்று 2014-ல் தேர்வை மாற்றி அமைத்தபோது காலேஜ் போர்டே சொன்னது. அதாவது நன்றாக வேலை செய்த ஒரு கருவியையும், சரியாக வேலை செய்யாத ஒரு கருவியையும் ஒரே பையில் போட்டு, பைக்கு ஒரு எண்ணை ஒட்டிவிட்டார்கள். கல்லூரிகள் பையோடு ஒதுக்கி வைத்தன.

2016-ல் புது எஸ்.ஏ.டி வந்தது. மொத்தம் மறுபடி 1600. கட்டுரை விருப்பம் இருந்தால் எழுதலாம், 50 நிமிடம், மதிப்பெண் தனியாக. இந்த முறை கட்டுரை உண்மையிலேயே நன்றாக இருந்தது என்பேன். ஒரு பத்தியைக் கொடுத்து, இதை எழுதியவர் வாசகரை எப்படித் தன் பக்கம் இழுக்கிறார் என்று அலசச் சொன்னார்கள். மனப்பாடம் பண்ணி வைத்த உதாரணத்தைத் திணிக்க முடியாது. ஆனால் அதற்குள் நம்பிக்கை போயிருந்தது. 2018-ல் ஹார்வர்டு, டார்ட்மத், யேல், ஸ்டான்ஃபோர்டு, பிரின்ஸ்டன், பிரவுன் என்று வரிசையாகக் கட்டுரை மதிப்பெண் தேவையில்லை என்று அறிவித்தன. 2021 ஜனவரியில் காலேஜ் போர்டு கட்டுரையை நிறுத்தப் போவதாகச் சொன்னது. ஜூன் மாதத்தோடு, சில மாநிலங்கள் பள்ளி நாளில் நடத்தும் தேர்வு தவிர, அது முடிந்தது.

அந்தக் கல்லூரிகள் சொன்ன காரணத்தை நான் கிண்டல் பண்ணப் போவதில்லை. அது நியாயமான காரணம். பல மாநிலங்களில் பள்ளி நாளிலேயே எஸ்.ஏ.டி-யை இலவசமாக நடத்துகிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் அதில் பல இடங்களில் கட்டுரை கிடையாது. கட்டுரை மதிப்பெண் கேட்கும் கல்லூரிக்கு மனுப் போட வேண்டுமென்றால் ஒரு சனிக்கிழமை கூடுதல் கட்டணம் கட்டி மறுபடி போய் உட்கார வேண்டும். சனிக்கிழமை வேலைக்குப் போகிற பிள்ளை என்ன செய்யும்? மனுவே போடாமல் இருந்துவிடும். பயன் இல்லாத ஒரு எண்ணுக்காக அப்படி ஒரு பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்புவது அநியாயம். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கட்டுரையை எடுத்துவிட்ட பிறகு, விண்ணப்பத்தில் மாணவரின் எழுத்து என்று மிச்சம் இருப்பது எது? வீட்டில் உட்கார்ந்து எழுதும் 650 சொல் சுயகட்டுரையும், கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிற குட்டிக் கட்டுரைகளும்தான். அவற்றை யார் எழுதினார் என்று சத்தியம் பண்ண யாராலும் முடியாது. அம்மா திருத்தலாம், பள்ளி ஆசிரியர் திருத்தலாம், மணிக்கு இவ்வளவு என்று வாங்குகிற ஆலோசகர் வரி வரியாக மாற்றி எழுதலாம். அமெரிக்காவில் அது ஒரு பெரிய தொழில்.

2021-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வந்த 60,000 விண்ணப்பங்களை எடுத்து, கட்டுரையின் உள்ளடக்கத்துக்கும் குடும்ப வருமானத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்த்தார்கள். எஸ்.ஏ.டி மதிப்பெண்ணுக்கும் வருமானத்துக்கும் தொடர்பு உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். விண்ணப்பக் கட்டுரைக்கும் வருமானத்துக்கும் உள்ள தொடர்பு அதைவிட வலுவாக இருந்தது! தேர்வு பணக்காரர்களுக்குச் சாதகம் என்று தூக்கி எறிந்துவிட்டு, அதைவிடச் சாதகமான ஒன்றை நடுவீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அதற்கப்புறம் இரண்டு சம்பவம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. 2023 ஜூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஹார்வர்டு வழக்கில் இனத்தை நேரடியாகக் கணக்கில் எடுத்துச் சேர்க்கை நடத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று ஒரு மாணவர் எழுதினால் அதைப் படிக்கலாம் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் இடம் கொடுத்தார். உடனே பல கல்லூரிகள் விண்ணப்பக் கட்டுரைக் கேள்விகளை மாற்றி எழுதின. கணக்குப் பாருங்கள்: எந்தக் காகிதத்தை யார் எழுதினார் என்று சொல்லவே முடியாமல் போனதோ, அதே காகிதத்தின் எடை அதே சமயத்தில் கூடியது.

டியூக் பல்கலைக்கழகம் மட்டும் கொஞ்சம் வெளிப்படையாக நடந்துகொண்டது. விண்ணப்பக் கட்டுரைக்கு எண் போடுவதை நிறுத்திவிட்டோம் என்று 2024-ல் சொன்னது. காரணம், செயற்கை நுண்ணறிவும் ஆலோசகர்களும். கட்டுரையைப் படிக்கிறோம், ஆனால் அது மாணவரின் எழுத்துத் திறனைத்தான் காட்டுகிறது என்று இனி எடுத்துக்கொள்ள முடியாது என்கிறார்கள்.

இந்த இடத்தில் தேர்வு அறையில் எழுதிய அந்தப் பழைய 25 நிமிடக் கட்டுரையை நினைத்துப் பாருங்கள். அவசரத்தில் எழுதியது, அடித்தல் திருத்தல் நிறைந்தது, கையெழுத்து கோணல். ஆனால் எழுதியவர் அவர்தான். விண்ணப்பத்தில் அந்த உத்தரவாதம் இருந்த எழுத்து அது ஒன்றுதான். இன்னொன்று பலருக்குத் தெரியாது: மதிப்பெண் அனுப்பப்பட்ட கல்லூரி, மாணவரின் கையெழுத்திலேயே அந்தக் கட்டுரையை ஸ்கேன் வடிவில் எடுத்துப் பார்க்கலாம் என்ற வசதியும் இருந்தது. தப்பான எண்ணைப் போட்டார்கள், எண்ணோடு சண்டை போட்டார்கள், கடைசியில் எண்ணோடு சேர்த்துத் தாளையும் கிழித்துப் போட்டுவிட்டார்கள்.

என் கருத்து இதுதான். எண் வேண்டாம், தாள் வேண்டும். தேர்வு அறையில் அரை மணி நேரம் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதற்கு மார்க்கே போடாதீர்கள். அப்படியே கல்லூரிக்கு அனுப்புங்கள். பள்ளி நாளில் நடக்கும் இலவசத் தேர்விலும் அதைச் சேருங்கள், அப்போது சனிக்கிழமைப் பிரச்சினை கிடையாது. சேர்க்கை அதிகாரி சந்தேகம் வரும்போது வீட்டுக் கட்டுரையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அறையில் தட்டுத் தடுமாறி எழுதினவர் வீட்டில் தேன் ஒழுக எழுதியிருந்தால் கேள்வி கேட்கலாம். அதைவிட முக்கியம், வீட்டுக் கட்டுரையைத் திருத்த ஆளில்லாத பிள்ளை, அறையில் தெளிவாக ஒரு பக்கம் எழுதியிருந்தால் அது கண்ணில் படும். இப்போது அந்தப் பிள்ளைக்குத் தன்னைக் காட்டிக்கொள்ள வழியே இல்லை. டிஜிட்டல் எஸ்.ஏ.டி-யில் "வாசிப்பும் எழுத்தும்" என்று ஒரு பகுதி இருக்கிறது. 54 வினா, 64 நிமிடம். மாணவர் ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை. பேரில் மட்டும் எழுத்து!

இது நான் கனவு கண்டு சொல்கிற யோசனை இல்லை. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்.எஸ்.ஏ.டி தேர்வில் பல காலமாக இப்படித்தான். எழுத்துப் பகுதிக்கு மதிப்பெண் கிடையாது. எழுதியதை அப்படியே மாணவர் மனுப் போடும் கல்லூரிகளுக்கு அனுப்புகிறார்கள்.

எதிர்வாதம் வரும், தெரியும். அரை மணியில் யாராவது நல்ல கட்டுரை எழுதுவார்களா? மாட்டார்கள். நல்ல கட்டுரை யார் கேட்டார்? ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு நாலு பத்தி நடக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். கல்லூரிக்குள் போன பிறகும் தேர்வு அறையில் அதைத்தானே செய்யப் போகிறார்கள். சாட்ஜிபிடி தொல்லையால் அமெரிக்கப் பேராசிரியர்கள் பலர் மறுபடி நீல அட்டை விடைத்தாள் நோட்டை எடுத்துவிட்டார்கள். தேர்வு அறையிலும் மோசடி நடக்கும் என்பது இன்னொரு வாதம். 2019-ல் அம்பலமான சேர்க்கை ஊழலில் பணம் வாங்கிக்கொண்டு எஸ்.ஏ.டி விடைகளையே திருத்திக் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் அதற்கு ஆள் வைத்து, லஞ்சம் கொடுத்து, எஃப்.பி.ஐ வந்து பிடித்துச் சிறைக்கு அனுப்பியது. வீட்டுக் கட்டுரையை ஆலோசகர் எழுதிக் கொடுத்தால் யார் சிறைக்குப் போகிறார்?

தாய்மொழி ஆங்கிலம் இல்லாத பிள்ளைகள் அடிபடுவார்களே என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிற வாதம். நம்ம ஊரிலிருந்து மனுப் போடுகிறவர்களும் அதில் அடக்கம். அதனால்தான் மார்க் வேண்டாம் என்கிறேன். மார்க் போட்டால் இலக்கணப் பிழை எண்ணப்படும். படித்தால், பிழையோடு வருகிற நல்ல யோசனையும் தெரியும். 40,000 விண்ணப்பம் வருகிற இடத்தில் எல்லோருடைய தாளையும் படிப்பார்களா என்றால், வேண்டாம். கடைசிச் சுற்றில் நிற்பவர்களுடையதைப் படித்தால் போதும்.

பிரின்ஸ்டன் 2018-ல் எஸ்.ஏ.டி கட்டுரையைக் கைவிட்டபோது அதற்குப் பதிலாக வேறொன்று கேட்டது: பள்ளியில் எழுதி, ஆசிரியர் திருத்தி மார்க் போட்ட ஒரு தாள். அந்தப் பட்டியலிலேயே எனக்கு மிகப் பிடித்த முடிவு அது. கட்டணம் இல்லை, சனிக்கிழமை இல்லை, சிவப்பு மையும் சேர்ந்து வரும். ஆனால் அந்தத் தாளும் வீட்டில் எழுதிக் கொடுத்ததாக இருக்கலாம். வகுப்பறையில் எழுதியது என்று கேட்டிருந்தால் நான் எழுந்து நின்று கை தட்டியிருப்பேன்.

கடைசியாக, ஜிமேட் கோஷ்டிக்கு. 1994-லிருந்து ஜிமேட்டில் கட்டுரை இருந்தது. 0 முதல் 6 வரை தனி மார்க், 800-ல் சேராது. ஒரு மனிதரும் ஒரு கம்ப்யூட்டர் நிரலும் மார்க் போடுவார்கள். மனுப் போடும் பிசினஸ் ஸ்கூலுக்குக் கட்டுரையும் போகும். 2023 நவம்பரில் வந்த புது வடிவத்தில் அது இல்லை, 2024 பிப்ரவரியிலிருந்து அந்த ஒரு வடிவம்தான். ஜி.ஆர்.இ-யில் 2023 செப்டம்பரில் இரண்டு கட்டுரையை ஒன்றாக்கினார்கள். அந்த ஒன்று, 30 நிமிடம், இன்னும் இருக்கிறது. ஆகவே கட்டுரை எழுதத் தெரியாது என்று பயந்து ஜிமேட் பக்கம் ஓடுகிறவர்கள் தாராளமாக ஓடலாம் :-) எழுதத் தெரிந்தவர்கள், முக்கியமாக எஸ்.ஓ.பி-யை எழுதிக் கொடுக்க ஏஜென்சிக்குக் கட்டப் பணம் இல்லாதவர்கள், ஜி.ஆர்.இ-யை ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். எத்தனையோ பிசினஸ் ஸ்கூல்கள் அதையும் ஏற்றுக்கொள்கின்றன. நீங்கள்தான் எழுதினீர்கள் என்று சந்தேகமில்லாமல் சொல்கிற ஒரு மார்க் உங்கள் விண்ணப்பத்தில் இருக்கும். அதற்கு அவர்கள் எவ்வளவு எடை கொடுப்பார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், அந்தந்தக் கல்லூரிக்கே ஒரு மெயில் தட்டிக் கேளுங்கள்.